பக்கத்துக் கடை இல்லாத ஊர்

அக்கா மகன் பிளஸ் டூ பரீட்சையை முடித்த கையோடு ராசிபுரத்துக்கு வந்து எங்கள் வீட்டில் டேரா போட்டிருந்தான். பகல் முழுக்கத் தூக்கம். ராத்திரி முழுக்கக் கம்ப்யூட்டர். ஒருநாள் நடுராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்த நான், சத்தம் போடாமல் அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். திரையில் நீலமாக ஒரு கடல். ஒரு பாய்மரக் கப்பல். கரையில் நாலைந்து குடிசை.

"என்னடா இது?"

"காலனைசேஷன் மாமா. பழைய கேம். 1994-ல வந்தது. 2008-ல புதுசா ஒண்ணு விட்டாங்க. ஆனா பழசுதான் கெத்து."

விளையாட்டு இதுதான். இங்கிலாந்து, பிரான்ஸ், ஸ்பெயின், ஹாலந்து இந்த நாலில் ஏதாவது ஒரு நாட்டின் ஆளாக நீங்கள் அமெரிக்கக் கரையில் போய் இறங்குகிறீர்கள். ஊர் கட்டுகிறீர்கள். கரும்பு, புகையிலை, பருத்தி விளைவித்துத் தாய்நாட்டுக்கு அனுப்பிக் காசு பார்க்கிறீர்கள். அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் பூர்வகுடிகளோடு சண்டையும் போடலாம், வியாபாரமும் செய்யலாம்.

பையன் வியாபாரக் கட்சி. அவன் கப்பல் நிறைய 'டிரேடு கூட்ஸ்' என்ற சரக்கு. என்ன சரக்கு என்று விளையாட்டு விவரமாகச் சொல்வதில்லை. பாசிமணி, கண்ணாடி, கத்தி, போர்வை என்று நாமே நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

"ஐரோப்பாவுல இது சல்லிசா கிடைக்கும் மாமா. கிராமத்துக்குக் கொண்டுபோனா நல்ல காசு. அந்தக் காசுல அவங்ககிட்டயே மிருகத்தோல் வாங்கி, திரும்ப ஐரோப்பாவுல போய் விக்கலாம். ஒரே கிராமத்துல திரும்பத் திரும்ப வித்தா விலை இறங்கிடும். அப்ப அடுத்த கிராமத்துக்குப் போயிடணும்."

"அதெல்லாம் சரி. துறைமுகத்துல இது என்ன விலைன்னு அவங்க கேக்க மாட்டாங்களா?"

பையன் திரும்பி என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"எப்படி மாமா கேப்பாங்க? அவங்ககிட்ட கப்பல் கிடையாதே."

போய்ப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்கா தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வது என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. அந்த விளையாட்டை எங்கள் குடும்பம் கம்ப்யூட்டர் இல்லாமலேயே ஆடியிருக்கிறது.

எங்கள் பூர்வீகம் சேந்தமங்கலம். கொல்லிமலையின் காலடி. அப்பாவின் அப்பாவை எங்கள் பக்கம் 'அப்பாரு' என்போம். என் அப்பாரு மலை வியாபாரி. எழுபது கொண்டை ஊசி வளைவு சுற்றி இன்றைக்கு பஸ் போகிற மலையில், அன்றைக்கு அவர் காரவள்ளி அடிவாரத்திலிருந்து நடந்தே ஏறியவர். தலையிலும் தோளிலுமாகச் சரக்கு. உப்பு, கருவாடு, தீப்பெட்டி, கண்ணாடி வளையல், பாசிமணி, கையகலத்துக்கு முகம் பார்க்கும் கண்ணாடி. இறங்கும்போது மிளகு, தேன், பலா, மலைவாழை.

சேலம் கடைவீதியில் சில அணாவுக்கு வாங்கிய கண்ணாடிக்கு மலையில் ஒரு படி மிளகு. அந்த மிளகு கீழே சந்தைக்கு வந்தால் என்ன விலை என்பதை உங்கள் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன். அந்த லாபத்தில் வந்ததுதான் எங்கள் ஓட்டு வீடு. அந்த வீட்டை அடமானம் வைத்துத்தான் நான் பி.காம். படித்தேன்.

திருவிழாவுக்கு உறவுக்காரர்கள் கூடினால் அப்பாரு திண்ணையில் உட்கார்ந்து ஒரு கதை சொல்வார். எத்தனை தடவை சொன்னாலும் வீடே சிரிக்கும்.

"மலைக்காரங்க ஒருநாள் எங்கிட்டக் கேட்டாங்க கண்ணு. 'நாங்களே மிளகைத் தூக்கிக்கிட்டுக் கீழ சந்தைக்கு வந்தா என்னங்க'ன்னு. நான் சொன்னேன், 'வரலாமே, தாராளமா வரலாம். ஆனா மிளகு மூட்டையைப் பாத்தாலே போலீசு புடிச்சுக்குவான். லைசென்ஸ் எங்கேம்பான். அந்தத் தொல்லை உங்களுக்கெதுக்கு? எங்கிட்டக் குடுத்துருங்க, நான் பாத்துக்கறேன்'ன்னு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஒருத்தனும் மலை இறங்கலையே!"

நானும் சிரித்திருக்கிறேன். நிறைய தடவை.

சேலத்தில் கல்லூரி விடுதியில் எனக்குக் கொல்லிமலைப் பையன் ஒருவன் அறை நண்பன். ஒரு ஆடிப் பதினெட்டுக்கு, வல்வில் ஓரி விழா பார்க்கலாம் வா என்று ஊருக்குக் கூட்டிப்போனான். அவன் பாட்டிக்கு எண்பது வயசு இருக்கும். எந்த ஊரு, யார் வீடு என்று விசாரித்தார். சொன்னேன். 'அட, கண்ணாடிக்காரர் பேரனா!' என்று சிரித்தார். எனக்குத் திக்கென்றது. கண்ணாடிக்கு ஒரு படி மிளகு வாங்கிய கதை இவருக்கும் தெரியும் அல்லவா?

இளவட்டத் திமிரில் நானே கேட்டுவிட்டேன். "எங்க அப்பாரு உங்களையெல்லாம் நல்லா ஏமாத்திட்டாரு, இல்லைங்களா பாட்டி?"

பாட்டி சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. "அதென்ன ஏமாத்தறது? மிளகு கொடியில தொங்குச்சு சாமி. கண்ணாடி எங்க காய்க்கும்? பத்து ஊருக்கு நாங்கதான் முதல்ல கண்ணாடி வெச்சிருந்தோம். அதுல எனக்கொண்ணும் வருத்தமில்லை."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆனா, கீழ வந்தா போலீசு புடிக்கும்னாரு பாரு. எங்க வூட்டுக்காரரு அதை நம்பிப் பதினஞ்சு வருசம் சந்தைப் பக்கமே போகலை. பயந்தே கிடந்தாரு. அதுதான் மனசுக்கு ஆகலை" என்றார்.

காமர்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு. அப்பாரு கணக்கில் கண்ணாடி வெளியே, மிளகு உள்ளே. கச்சிதமாக டாலி ஆகிறது. பதினைந்து வருஷப் பயத்தை எந்தப் பத்தியில் எழுதுவது? என் பாடப்புத்தகத்தில் அதற்கு இடமில்லை.

இப்போது கேள்விக்கு வருவோம். மலிவான பொருளை, அதன் விலை தெரியாதவனிடம் கொழுத்த லாபத்துக்கு விற்பது தப்பா?

'தப்பே இல்லை' என்று சொல்ல நல்ல நியாயங்கள் இருக்கின்றன. ஒரு பொருளுக்கு எல்லா ஊரிலும் ஒரே மதிப்பு கிடையாது. உப்பு கடலோரத்தில் மலிவு, மலையில் அருமை. சங்ககால உமணர்கள் மாட்டு வண்டியில் உப்பேற்றி உள்நாட்டுக்குப் போய் நெல்லுக்கு மாற்றினார்கள். அவர்களை யாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லவில்லை. தூரம் கடக்கிறவனுக்குக் கூலி வேண்டும். காட்டுப் பன்றியும் கல்லும் முள்ளும் தாண்டி ஏறிய என் அப்பாருக்கு அந்த லாபத்தில் ஒரு பங்கு நியாயமானதுதான். பாட்டியே அதை ஒப்புக்கொள்கிறார்.

பாசிமணி என்றதும் நமக்கு ஒரு படம் மனசில் ஓடும். வெள்ளைக்காரன் கப்பலில் வந்து மணியைக் காட்டி ஊரை வளைத்துப் போடுகிற படம். நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவையே பாசிமணிக்கு வாங்கியதாகப் பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். 1626-ல் டச்சுக்காரர் ஒருவர் எழுதிய கடிதத்தில் இருப்பது, தீவு 60 கில்டர் மதிப்புக்கு வாங்கப்பட்டது என்கிற தகவல் மட்டும்தான். மணி பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. மணி பிற்காலத்தில் யாரோ கோத்தது.

இந்தப் படத்தில் நாம் எப்போதும் நம்மை ஏமாந்தவன் இடத்தில்தான் வைத்துக்கொள்கிறோம். நிஜம் கொஞ்சம் சங்கடமானது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் தோண்டியபோது கிடைத்த சின்னச் சின்னக் கண்ணாடி மணிகள், அதே வகை, தென்கிழக்கு ஆசியா வரை கடல் தாண்டிப் போயிருக்கின்றன. மணி செய்து விற்றவர்களில் நாமும் உண்டு. அதைவிடப் பெரிய சமாசாரம் துணி. சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பியக் கம்பெனிகள் வாங்கிப்போன பருத்தித் துணியில் ஒரு பகுதிக்கு 'கினி' துணி என்றே பெயர். ஆப்பிரிக்காவின் கினிக் கரைக்குப் போகிற துணி. 18-ம் நூற்றாண்டில் மேற்கு ஆப்பிரிக்காவில் மனிதர்களை அடிமைகளாக வாங்க ஐரோப்பியர்கள் கொடுத்த சரக்கில் இந்தியத் துணிக்குப் பெரிய பங்கு உண்டு. புதுச்சேரியின் நீலத் துணி செனகல் ஆற்றங்கரையில் பணமாகவே புழங்கியது. அதைக் கொடுத்துப் பிரெஞ்சுக்காரர்கள் வேலம்பிசின் வாங்கினார்கள்.

நெய்தவனுக்கு அது எங்கே போகிறது என்று தெரியாது. அவனைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால், பார்த்தீர்களா? 'மலிவான சரக்கு' என்று அந்த விளையாட்டில் கப்பலேறுகிற மூட்டைக்குள் நம்மூர்த் தறி ஓசையும் இருக்கிறது.

ஆக, சரக்கு மலிவா, உசத்தியா என்பது பிரச்னையே இல்லை. அப்படியானால் எதுதான் பிரச்னை?

இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு புதிரைச் சொல்கிறேன். கி.மு. 44-ல் ரோமாபுரிக்காரர் சிசரோ, கடமைகளைப் பற்றித் தன் மகனுக்கு எழுதிய புத்தகத்தில் வருகிறது. ரோட்ஸ் தீவில் பஞ்சம். தானியம் யானை விலை. அலெக்சாண்ட்ரியாவிலிருந்து ஒரு வியாபாரி கப்பல் நிறையத் தானியத்தோடு வந்து சேர்கிறான். வரும் வழியில், பின்னாலேயே நிறைய தானியக் கப்பல்கள் வந்துகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டான். தீவுக்காரர்களுக்கு அது தெரியாது. அவன் சொல்ல வேண்டுமா? சொன்னால் விலை விழுந்துவிடும். வாயை மூடிக்கொண்டு விற்றால் கொள்ளை லாபம்.

டயோஜெனிஸ் என்ற தத்துவக்காரர் சொல்கிறார்: சரக்கில் குறை இருந்தால் சட்டப்படி சொல்லு. மற்றபடி, சொல்லாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு. எனக்குத் தெரிந்ததையெல்லாம் உனக்குச் சொல்ல வேண்டும் என்று என்ன கட்டாயம்? அவருடைய மாணவர் ஆண்டிபேட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. மனுஷனுக்கு மனுஷன் உதவத்தானே பிறந்தோம், பசியில் இருக்கிறவனுக்கு நல்ல சேதியை மறைக்கலாமா என்கிறார். சிசரோ மாணவர் பக்கம்.

முதன்முதலில் இதைப் படித்தபோது நான் டயோஜெனிஸ் கட்சி. கடைக்காரன் கொள்முதல் விலையை போர்டில் எழுதிப்போட வேண்டும் என்றால் கடைவீதியே காலியாகிவிடுமே! வக்கீல், டாக்டர், மெக்கானிக் எல்லாரும் விற்பது, நமக்குத் தெரியாத ஒன்றை அவர்கள் தெரிந்து வைத்திருப்பதைத்தானே?

அப்புறம் எனக்கே ஒரு ரோட்ஸ் தீவு வந்தது.

சில வருஷங்களுக்கு முன்னால், நாமக்கல் பக்கம் ஒரு ரோடு எந்த வழியாகப் போகப்போகிறது என்பது தொழில் நிமித்தமாக எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. தெரிந்தவர் ஒருவர் வந்தார். அந்த வழியில் ஒரு பெரியவருக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரி. மகள் கல்யாணக் கடனுக்காக விற்கிறார். பாதிப் பாதி போட்டு வாங்கிவிடலாம் என்றார்.

"ரோடு வர்றது பெரியவருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா குடுப்பாருங்களா? என்னங்க நீங்க!"

நான் வாங்கவில்லை. மனசு ஒப்பவில்லை என்று சொல்லிவிட்டேன். வீட்டில் மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டேன். மூன்று மாதம் கழித்து அந்த நிலத்தை வேறு யாரோ பழைய விலைக்கே முடித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அடுத்த வருஷம் ரோட்டுக்குக் கல் நட்டார்கள்.

பெருமை அன்றைக்கே செத்துப்போனது. நான் வாங்கவில்லை, சரி. சொன்னேனா? பஸ்ஸில் அரைமணி நேரம். போய்ப் பெரியவரிடம், "கொஞ்சம் பொறுங்க, விசாரிச்சுட்டு வில்லுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த ஊரில் அந்தச் சேதி தெரிந்து, அதனால் லாபம் பார்க்க விரும்பாத ஒரே ஆள் அநேகமாக நான்தான். நானும் வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்குத்தான் டயோஜெனிஸின் ஓட்டை எங்கே என்று எனக்குப் புரிந்தது. சேலம் கடைவீதியில் ஜவுளிக்கடைக்காரர் கொள்முதல் விலையைச் சொல்லாவிட்டால் எனக்கு நஷ்டமில்லை. ஏன்? பக்கத்தில் இன்னொரு கடை இருக்கிறது. நாலு கடை ஏறி இறங்கினால் நியாய விலை தானாகத் தெரிந்துவிடும். கடைக்காரர் மௌனத்தை அடுத்த கடைக்காரர் உடைத்துவிடுகிறார். மலை உச்சியிலும், பஞ்சம் பிடித்த தீவிலும், அந்த ஒன்றரை ஏக்கரிலும் பக்கத்துக் கடை கிடையாது. அங்கே என் மௌனத்தை உடைக்க என்னைத் தவிர ஆள் இல்லை.

எனக்குத் தெரிந்த நியாயம் இதுதான். பக்கத்துக் கடை இருக்கிற ஊரில் வியாபாரி தன் சரக்குக்கு மட்டும் நேர்மையாக இருந்தால் போதும். பக்கத்துக் கடை இல்லாத ஊரில், அந்தப் பக்கத்துக் கடையாகவும் அவனே இருக்க வேண்டும். கொள்முதல் விலையை ஒப்பிக்க வேண்டியதில்லை. "கீழே இதற்கு இன்ன விலை போகுது, நான் தூக்கிப்போகிற கூலிக்கு இவ்வளவு எடுத்துக்கிறேன், விருப்பமிருந்தா குடுங்க" என்று சொன்னால் போதும். அப்படிச் சொன்ன பிறகும் வியாபாரம் நடந்தால் அது வியாபாரம். சொன்னதும் நின்றுபோகும் என்றால், அதுவரை நடந்தது வேறு ஏதோ.

குறளில் வாணிபத்துக்கென்று ஒரு குறள் உண்டு, 120-வது. அடுத்தவர் பொருளையும் தன் பொருள்போலப் பேணிச் செய்வதுதான் வியாபாரிக்கு வியாபாரம் என்பது அதன் சாரம். மலைக்காரன் மிளகு என் மிளகாக இருந்தால், அதன் விலையைத் தெரிந்துகொள்ள நான் எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன்?

பக்கத்துக் கடை இல்லாதது ஒரு நிலைமை. பக்கத்துக் கடையே வரவிடாமல் செய்வது ஒரு காரியம். இரண்டாவதுதான் மகா பாவம். போலீஸ் பிடிக்கும் என்று அப்பாரு சொன்ன பொய் அந்த ரகம். இதில் அவரெல்லாம் பொடி வியாபாரி. இதே சமவெளியில் மொத்த வியாபாரமே நடந்திருக்கிறது.

1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் கையிலிருந்து பாராமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தன. இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம், நாமக்கல் பக்கத்துப் பூமி. கர்னல் ரீட் தலைமையில் வரி நிர்வாகத்துக்கு வந்த இளைஞர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. ஏழு வருஷம் இந்த மண்ணில் சுற்றியவர். பிற்பாடு சென்னை கவர்னராக ஆனவர். அவர் 1813-ல் பார்லிமெண்ட் விசாரணையில் ஒரு சாட்சி சொன்னார். பாராமகாலில் கம்பெனி ஆட்கள் முக்கியமான நெசவாளிகளை ஓரிடத்தில் கூட்டி, காவல் போட்டு நிறுத்தி, இனிமேல் கம்பெனிக்கு மட்டுமே துணி கொடுப்போம் என்று ஒப்பந்தம் எழுதிக்கொடுக்கும் வரை விடவில்லை என்று.

'கம்பெனிக்கு மட்டுமே.' இந்த வார்த்தைகளைக் கவனியுங்கள். கம்பெனி நல்ல விலை கொடுக்கிறது என்றால் காவல் எதற்கு? நெசவாளி தானாகவே வந்திருப்பானே? காவல்காரன் தடியோடு நின்றது நெசவாளியை மிரட்ட மட்டுமல்ல, அவன் பக்கத்துக் கடைக்குப் போகாமல் இருக்க. அப்புறம் முன்பணம். அட்வான்ஸ் வாங்கியவன் கடன் தீரும்வரை வேறு யாருக்கும் விற்க முடியாது. கடன் லேசில் தீராது. துணி தாமதமானால் வீட்டு வாசலில் ஒரு சேவகன் வந்து உட்காருவான்.

முகம் பார்க்கும் கண்ணாடி, முன்பணம் இரண்டும் பார்க்க வேறு வேறு. வேலை ஒன்றுதான். எதிராளி விலை கேட்கப் போகிற பாதையை அடைப்பது.

அதே மண்ணில் பாதையைத் திறந்த கதைகளும் உண்டு. அதையும் சொல்லாவிட்டால் நான் பாதிக் கணக்கு எழுதினவன் ஆவேன்.

முட்டை. கோழிப்பண்ணைக்காரர் விலையை வியாபாரி சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. முட்டை அழுகும் சரக்கு, வைத்துக்கொண்டு பேரம் பேச முடியாது. 1982-ல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, அதாவது என்.இ.சி.சி. வந்து, பண்ணைக்காரர்களே விலையை அறிவிக்க ஆரம்பித்தார்கள். இன்றைக்கு நாமக்கல் மண்டல முட்டை விலை பேப்பரில் வருகிறது, போனில் வருகிறது. டீக்கடையில் நிற்கிறவனுக்கும் தெரியும். அறிவித்த விலைக்குக் கீழே 'மைனஸ்' போட்டு வாங்குகிற பழக்கம் உண்டுதான், அதில் மனஸ்தாபமும் உண்டுதான். ஆனால், எத்தனை பைசா மைனஸ் என்பது இருவருக்கும் தெரிந்து நடக்கிற சண்டை. தெரிந்து போடுகிற சண்டையில் ஒரு கௌரவம் இருக்கிறது.

ஜவ்வரிசி. 1981-ல் சேலத்தில் ஆரம்பித்த சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தில் ஆலைக்காரர்கள் சரக்கைக் கொண்டுவந்து வைக்கலாம். வியாபாரிகள் டெண்டர் போட்டு எடுப்பார்கள். தனித்தனி ஆலைக்காரராக ஒரு பெரிய வியாபாரி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்குப் பதில், பத்துப் பேர் ஒரே சரக்குக்கு விலை சொல்ல வைக்கிற ஏற்பாடு. கூட்டுறவு என்ற பெயரில் கட்டிய பக்கத்துக் கடை.

ஆனால், பாதை ஒருபக்கம் திறந்தால் இன்னொரு பக்கம் அடைபடும். அந்த ஜவ்வரிசிக்கு மூலம் மரவள்ளி. சாமையும் தினையும் விளைந்த கொல்லிமலைக் காடுகளில் பெரும்பகுதி இன்று மரவள்ளிக்கு மாறிவிட்டது. காசு கையில் வருகிறதே! அந்தச் சிறுதானியங்களை மீட்க எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே பல வருஷம் பாடுபட்டிருக்கிறது. மலையிலிருந்து லாரியில் இறங்குகிற கிழங்குக்கு, மாவுச்சத்து எத்தனை 'பாயிண்ட்' என்று பார்த்து விலை. ஒரு பாயிண்டுக்கு இன்றைக்கு எவ்வளவு என்பது விவசாயிக்குத் தெரியும், போன் இருக்கிறது. தன் கிழங்கு எத்தனை பாயிண்ட் என்பது? அதை அளக்கிற கருவி வாங்குகிறவர் வீட்டில் இருக்கிறது. நேர்மையாக அளப்பவர் நிறையப் பேர். ஆனாலும் விவசாயிக்கு மனசு ஆறுவதில்லை. 'அவங்க பாத்து சொல்றதுதானுங்க' என்பான். விலை தெரிந்துவிட்டது. இப்போது அளவு தெரியவில்லை. எது தெரியாதோ அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது லாபம்.

நம் கதையும் அதுதான். இலவசமாக ஒரு டார்ச் லைட் ஆப் கிடைக்கிறது என்று போனில் இறக்குகிறோம். அது நம் போன் நம்பர்கள், நாம் போகிற இடம், வருகிற இடம் எல்லாவற்றையும் கேட்கிறது. சரி, சரி, சரி என்று மூன்று தடவை தட்டுகிறோம். நமக்குக் கையில் ஒரு கண்ணாடி கிடைத்துவிட்டது. நாம் கொடுத்த மிளகு எந்தச் சந்தையில் என்ன விலைக்குப் போகிறது? நம்மிடம்தான் கப்பல் கிடையாதே.

மறுநாள் ராத்திரி பையன் அறையிலிருந்து 'அநியாயம்! அநியாயம்!' என்று சத்தம். ஓடினேன்.

"பாருங்க மாமா, ராஜா மறுபடி வரியை ஏத்திட்டான்! நான் கஷ்டப்பட்டு விளைவிச்ச புகையிலை. என் ஊர்ல எதை வித்தாலும் இந்தாள் துறைமுகத்துலதான் விக்கணும். வேற எங்கயும் போக முடியாது. அவன் வெச்சதுதான் சட்டம்."

"வரி கட்ட மாட்டேன்னு சொல்லிடேன்."

"சொல்லலாம். சரக்கைக் கடல்ல கொட்டிட்டுப் போராட்டம் பண்ணலாம். ஆனா அப்புறம் அந்தச் சரக்கை அங்க விக்கவே முடியாது."

"அப்ப என்னதான் வழி?"

"கடைசியில ராஜாவை எதிர்த்து சுதந்திரப் போர்தான். அதுதான் மாமா கேமே!"

நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். "உனக்கு ஒரே ஒரு துறைமுகம்தான் இருக்குன்னா இவ்வளவு கோபம் வருது. அந்தக் கிராமத்துக்காரனுக்கு உன்னை விட்டா வேற கப்பல் வராதே, அவனுக்குக் கோபம் வராதா?"

பையன் திரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "அது கம்ப்யூட்டர் மாமா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து அவனே, "அவங்களும் துறைமுகத்துக்கு வர்ற மாதிரி வெச்சிருந்தா கேம் கஷ்டமாயிடும்ல?" என்றான்.

ஆமாம், கஷ்டம்தான். லாபம் குறையும். ஆட்டம் நீளும். எங்கள் ஓட்டு வீடு இன்னும் பத்து வருஷம் தள்ளிக் கட்டப்பட்டிருக்கும். நான் ஒருவேளை பி.காம். படிக்காமல் போயிருப்பேன். அதையெல்லாம் யோசிக்காமல் அப்பாருவைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. அந்தப் பொய்யில் எனக்கும் பங்கு வந்திருக்கிறது. பங்கு வாங்கியவன் கடனிலும் பங்கு வாங்க வேண்டும், அதுதான் பார்ட்னர்ஷிப் சட்டம்.

என் கொல்லிமலை நண்பன் இப்போது ஊரோடு இருக்கிறான். மிளகும் காபியும் போட்டிருக்கிறான். போன மாதம் பேசும்போது மிளகு என்ன விலை போகிறது என்று சும்மா கேட்டேன். அடுத்த நிமிஷம் மூன்று சந்தை விலையைச் சொன்னான். "எங்க தாத்தாவுக்குத் தெரியாதது எனக்குத் தெரியுது பாத்தியா" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். திண்ணையில் சிரித்த சிரிப்பு அல்ல.

உங்களிடம் ஒன்று கேட்டுவிட்டு முடிக்கிறேன். நீங்கள் கடை வைத்திருக்கலாம், ஆபீஸில் இருக்கலாம், வாத்தியாராக, டாக்டராக, என்னைப்போலப் பத்திரிகைக்காரனாக இருக்கலாம். உங்களிடம் வருகிறவருக்கு எந்த ஒரு விஷயம் தெரிந்துவிடக் கூடாது என்று உள்ளுக்குள் நினைக்கிறீர்கள்? அவருக்குப் பக்கத்தில் வேறு கடை இருக்கிறதா?

இருந்தால் கவலையில்லை, வியாபாரத்தைப் பாருங்கள். இல்லையென்றால், பஸ்ஸில் அரைமணி நேரம்தான். நான் போகவில்லை. நீங்களாவது போய்ச் சொல்லிவிடுங்கள்.